பேரென்ன மிஸ்

என் சின்ன மகன் போன வாரம் ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் கற்றுக்கொள்ள மிகவும் கஷ்டமான மொழிகள் எவை என்று அதில் ஒரு கட்டுரை. அரபு, சீனம், ஜப்பான்காரர்கள் மொழி, கொரியா மொழி எல்லாம் உச்சியில் இருந்தன. தமிழை அதற்கு ஒரு படி கீழே வைத்திருந்தார்கள். பையனுக்கு முகம் வாடிவிட்டது. "நாம ஃபர்ஸ்ட் இல்லையாப்பா?" என்றான், மேட்சில் தோற்றவன் மாதிரி.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனவன். எந்த மொழி கஷ்டம், எது சுலபம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? ஆனால் இங்கிலாந்தில் பிறந்து ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த ஒரு பெண்மணி தமிழோடு மல்லுக்கட்டியதை எங்கள் வீட்டு மாடியிலேயே பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி மகனுக்குச் சொன்னேன். பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு மண் தெருவில் எங்கள் வீடு. கீழே அப்பா, அம்மா, அக்கா, நான். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அதற்குத்தான் அவர் குடிவந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல உயரம். வெயில் பட்டால் தக்காளிப் பழமாகிவிடும் முகம். காட்டன் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு சைக்கிளில் போவார்.

மேடவாக்கம் பக்கம் ஒரு சின்னக் குழந்தைகள் இல்லத்தில் அவருக்கு வேலை. இல்லத்தை நடத்தியவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரு வருஷத்துக்குள் பிள்ளைகளோடு தமிழில் பேசிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் அவர் கண்ணில் படுவதையெல்லாம் கை நீட்டிக் கேட்பார்: "பேர் என்ன?" பதில் வந்ததும் சட்டென்று பால்பாயின்ட் பேனாவை எடுத்து இடது முன்கையில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் பார்த்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே எழுத்தாக இருக்கும். தெருப் பிள்ளைகள் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரிப்பார்கள். அம்மிக்கல். ஓட்டடை. குட்டிச்சுவர்.

அவர் உண்மைப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. தெரு வைத்த பெயர்தான் நின்றது: பேரென்ன மிஸ்.

ஒரு தடவை முனைக்கடை அண்ணாச்சியிடம் மிளகு, சீரகம், கடுகு என்று ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டு முடித்து, சுவரைக் காட்டி, "இது பேர் என்ன?" என்றார். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது பல்லி. விக்கிறதுக்கு இல்லம்மா" என்றார். அதையும் கையில் எழுதிக்கொண்டார்.

புத்தகத்தில் படித்த தமிழோடுதான் வந்திருந்தார். தண்ணீர் லாரி வந்த முதல் நாள், பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் நெஞ்சில் அணைத்துக்கொண்டு, "வணக்கம். நானும் நீர் பிடிக்க வந்திருக்கிறேன். தாங்கள் அனைவரும் நலமா?" என்றார். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிறகு எதிர்வீட்டு அக்கா, "இன்னாம்மா இது, ரேடியோ நியூஸ் மாதிரி பேசுது!" என்றாள். சிரித்த சிரிப்பில் ஒரு குடம் கவிழ்ந்தது. மிஸ்ஸும் சிரித்தார். அன்று இரவே அம்மாவிடம் வந்து, "புத்தகத்தில் ஒரு தமிழ், உங்கள் வாயில் ஒரு தமிழ், லாரியில் ஒரு தமிழ். நான் மூன்று மொழி படிக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

இன்னொரு கஷ்டத்தையும் அவர் அடிக்கடி சொல்வார். அவர்கள் மொழியில் செய்கிறேன், செய்யமாட்டேன் என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே தெரிந்துவிடுமாம். தமிழில் கடைசிச் சொல் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதாம். "'நாளைக்கு உங்க வீட்டுக்கு நானும் என் பையனும் வர...' அப்படின்னு நிறுத்திட்டு மூக்கைத் துடைக்கிறாங்க. வருவாங்களா, மாட்டாங்களா? எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது!" என்பார்.

இதெல்லாம் சிரிக்கிற கஷ்டம். சிரிக்க முடியாத ஒன்று இருந்தது.

அவருக்கு நாம் சொல்லும் சொல் மட்டும்தான் கேட்கும். அதற்குப் பின்னால் நாம் விட்டுவைப்பது கேட்காது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் மாடிக்குப் போனாள். காப்பி வேண்டுமா என்று மிஸ் கேட்டிருக்கிறார். அவள் வழக்கம்போல, "ஐயோ, வேணாம்மா" என்றிருக்கிறாள். சரி என்று அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அவள் கீழே வந்து, "ஒரு வாய் காப்பிக்கு வக்கில்லாமலா போச்சு!" என்று பொருமினாள். அம்மா மிஸ்ஸைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "முதல் வேணாம் வேணாம் இல்லம்மா. மூணாவது தடவையும் வேணாம்னாத்தான் வேணாம்."

"அப்போ முதல் ரெண்டும் என்ன?"

"அது மரியாதை."

மிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆனால் எல்லா இடத்திலும் அம்மா கூட இருக்க முடியுமா? அதே எதிர்வீட்டு அக்கா ஒருநாள் குழாயடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து போடும் சத்தம் தெருவுக்கே தெரியும். தெரிந்தும் நாங்கள் யாரும் கேட்கமாட்டோம். மிஸ் போய் எதிரில் நின்றார்.

"ஏன் அழறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் அழறீங்க?"

"கண்ல தூசி."

"ரெண்டு கண்ணிலுமா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் மிஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால் குழாயடியில் பேச்சு அடங்கிப்போகும். "வந்துட்டா, வாயைப் புடுங்க" என்று முணுமுணுப்பார்கள்.

அம்மா மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள். "அது கேக்குறதுல கள்ளம் இல்லடா" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதான் பயமா இருக்கு" என்பாள்.

அம்மாவுக்குப் பயப்படக் காரணம் இருந்தது.

சித்திரை வெயிலில் தொடங்கிய இருமல் வைகாசி முடிந்தும் நிற்கவில்லை. அம்மா குளியலறைக்குள் போய் வாளியில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு இருமுவாள். தண்ணீர் இல்லாத நாட்களில் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. யாராவது கேட்டால், "சூடு. வேற ஒண்ணுமில்ல" என்று சொல்வாள். எனக்கும் அக்காவுக்கும் அது சூடு இல்லை என்று தெரியும்.

காசநோய். இன்று இப்படி எழுதிவிடுகிறேன். அன்று எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அந்த நோய்க்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருந்த ஊர் எங்களுடையது. அதன் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருந்தது. ஆனாலும் யாராவது அங்கே போய் வந்தால், "அவங்க அங்க போறாங்களாம்" என்று மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். 'அங்க' போகிற வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள்.

அக்காவுக்கோ அப்போதுதான் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை கிண்டியில் ஃபிட்டர். வீட்டில் நிலமும் எருமைகளும் இருந்தன. அதற்கு முன்னால் வந்த சம்பந்தங்கள் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போயிருந்தன. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்று அக்கா அழுதாள்.

"உன் கல்யாணம் முடியட்டும். அப்புறம் எங்க வேணா வரேன்" என்றாள் அம்மா. "இப்ப அந்த கேட்டுக்குள்ள நான் நுழையறதை ஒருத்தர் பாத்தாப் போதும். நீ இந்த வூட்லயே நிக்கணும். உங்கப்பாவுக்குக்கூட மூச்சு விடாதீங்க. அவர் முகத்துல எதுவும் மறையாது."

அப்பா ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அதிகம் பேசாதவர். ஆனால் மனதில் இருப்பது அப்படியே முகத்தில் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிறுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, காலையில் நான் பின்பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா துவைக்கிற கல் பக்கம் குனிந்து இருமிவிட்டு நிமிர்ந்தாள். மிஸ் துணி துவைக்க வாளியோடு படியிறங்கி வந்தார். கல்லுக்கு அடியில், அம்மா தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள், அதைப் பார்த்துவிட்டார். சிவப்பு.

"இது என்ன? பேர் என்ன?"

வாயில் பற்பொடி நுரையோடு நின்றேன். துப்பக்கூடத் தோன்றவில்லை.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வெத்தலம்மா. வெத்தல பாக்கு போட்டுத் துப்பினேன்."

"வெத்தல" என்று மிஸ் சொல்லிப் பார்த்தார். "தினமும் போடுவீங்களா?"

"ஆமா. தினம்தான்."

மிஸ் தலையாட்டிக்கொண்டே கையில் எழுதிக்கொண்டார். அம்மா வாளித் தண்ணீரைக் கல்லில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலை அம்மா மாடிக்குப் போய் நயமாகக் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை நீங்க எங்கயாவது வெளிய போவீங்க இல்லம்மா?" நம்மில் யாராக இருந்தாலும் அந்தக் கேள்வியிலேயே புரிந்துகொண்டு, ஆமாம், மகாபலிபுரம் போகிறேன் என்று சொல்லியிருப்போம். மிஸ் முகம் மலர்ந்து, "இல்லையே! வீட்லதான் இருப்பேன். உங்களுக்கு உதவி செய்யறேன்!" என்றார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அம்மா படியிறங்கி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய்மாமன், தாயார். பேசியது முழுக்கத் தாயார்தான். கனத்த சரீரம், கணீரென்ற குரல், இடுப்பில் செருகிய சுருக்குப் பை, வாயில் அரைத்துக்கொண்டே இருக்கும் வெற்றிலை. உட்கார்ந்ததுமே, "இன்னா வெயிலு! எங்க ஊர்ல ஏரிக் காத்தாவது கீது" என்றார்.

அம்மா இரண்டு கன்னத்திலும் பனங்கற்கண்டை அடக்கிக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் வாய் திறந்து பேசினாள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. அக்கா வந்து வணங்கிவிட்டு நின்றாள். மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டே பார்த்தார். "பொண்ணு லட்சணமா கீது. எனக்குப் புடிச்சிருக்கு. இவன் மூஞ்சைப் பாரு, அவனுக்கும் புடிச்சிடுச்சு" என்று தாயார் சிரித்தார். அப்பாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. இன்னும் அரை மணி நேரம். அம்மா இருமாமல் இருந்துவிட்டால் போதும்.

அப்போதுதான் மாடிப் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

மிஸ் பட்டுக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஒரு எவர்சில்வர் தட்டு ஏந்தி வந்தார். தாம்பரம் மார்க்கெட் வரை சைக்கிளில் போய் வாங்கிவந்த ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நேரே அம்மாவிடம் போனார்.

"அம்மா, இது உங்களுக்கு. நீங்க தினமும் போடறது."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவருக்குத் தெரியாதா, அம்மா வெற்றிலை போடமாட்டாள் என்று? வாய் திறக்கப் போனவர், அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். குழப்பம் மட்டும் முகத்தில் அப்படியே நின்றது.

மாப்பிள்ளையின் தாயார், அந்தக் கோவிலம்பாக்கத்து அம்மா, தொடையில் தட்டினார். "அட, நம்ம கட்சியா நீங்க! இத்தினி நேரம் சொல்லவேயில்ல? வாங்க, சேர்ந்து போட்டுக்குவோம்." சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து நீட்டினார்.

சம்பந்தி ஆகப்போகிறவர் கையால் நீட்டியது. வேண்டாம் என்றால் அவமரியாதை. அம்மா வாங்கிக்கொண்டாள். விசேஷங்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துப் பழகிய கைதான், வாயில் போட்டுப் பழக்கமில்லை. காம்பைக் கிள்ளவில்லை. வெற்றிலையின் பின்பக்கம் தடவ வேண்டிய சுண்ணாம்பைப் பளபளக்கிற முன்பக்கம் தடவினாள். அதுவும் ஒரு விரல் முழுக்க. மடித்து வாயில் வைத்து மென்றாள்.

கோவிலம்பாக்கத்து அம்மா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாய் அரைப்பதை நிறுத்திவிட்டது.

மிஸ் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேருடைய வாயை. கோவிலம்பாக்கத்து அம்மாவின் பற்கள் கருஞ்சிவப்பாக, காவி ஏறியிருந்தன. அம்மாவின் பற்கள் வெள்ளை. ஒரு கறை இல்லை. மிஸ்ஸின் கண் அங்கே போய் இங்கே வந்தது. மார்க்கெட்டில் கேட்டு வாங்குவதற்காக முன்கையில் மறுபடி எழுதியிருந்த 'வெத்தல'யைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு பிரிந்தது.

கேட்கப்போகிறார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை மாதமாகத் தெருவில் யாரையும் விட்டுவைக்காத அந்தக் கேள்வி இதோ வரப்போகிறது.

அதற்குள் அம்மாவுக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து பின்பக்கம் ஓடினாள். மிஸ்ஸும் பின்னாலேயே போனார். இருமல் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. நின்றது. திரும்பவும் வந்தது. தாய்மாமன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மிஸ் மட்டும் திரும்பி வந்து பின்வாசல் நிலையில் நின்றார். உயரமான ஆள். அவருக்குப் பின்னால் இருப்பது எதுவும் கூடத்திலிருந்து தெரியவில்லை.

"இன்னாச்சும்மா அவங்களுக்கு?" என்றார் கோவிலம்பாக்கத்து அம்மா, நேராக அவர் முகத்தைப் பார்த்து.



"ஒண்ணுமில்ல" என்றார். "சுண்ணாம்பு ஜாஸ்தி ஆயிடுச்சு. வாய் வெந்துபோச்சு."

எங்களால் நம்ப முடியவில்லை. ரேடியோ நியூஸ் இல்லை, புத்தகம் இல்லை. குழாயடியில் அவர் எத்தனையோ தடவை கேட்டுப் புரியாமல் நின்ற அதே 'ஒண்ணுமில்ல'. எங்கள் தெருவில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னார். சொல்லிக்கொண்டே கட்டை விரலை நாக்கில் தொட்டு, கையில் எழுதியிருந்த 'வெத்தல' என்ற சொல்லைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார்.

கோவிலம்பாக்கத்து அம்மா சுண்ணாம்பு டப்பாவை மூடிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார். "வரோம். கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார்.

அப்படிச் சொன்னவர்கள் பலர் திரும்பி வராதது எங்களுக்குத் தெரியும்.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மிஸ் கீழே வரவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அம்மா, "நாளைக்குக் கேப்பா. நேரா கேப்பா. நான் என்னடா சொல்லுவேன்?" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மிஸ் வந்தார். நின்ற நிலையே ஒரு மாதிரி இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் தமிழ் அங்க பத்தாது. துணைக்கு வாங்க."

"பையன் வருவாம்மா, ரெண்டு பாஷையும் தெரிஞ்சவன்" என்றாள் அம்மா.

"வேணாம். இது பொம்பளை விஷயம். நீங்கதான் வரணும்."

அம்மா அவரையே பார்த்தாள். மிஸ்ஸும் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தார். இரண்டு பேரில் ஒருவர் ஒரே ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அம்மா அந்த வாசல்படியைத் தாண்டியிருக்கமாட்டாள். சொல்லவில்லை. வீடு தேடி வந்து தங்கியிருக்கும் பெண் உடம்புக்கு முடியாமல் துணைக்குக் கூப்பிடும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆட்டோவில் ஏறும்போது எதிர்வீட்டு அக்கா, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"பாவம், இதுக்கு உடம்பு முடியலையாம். நான் துணைக்குப் போறேன்" என்றாள் அம்மா, சத்தமாக. வண்டி போன திசையைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, அது எந்த ஆஸ்பத்திரிக்கு என்று.

பிள்ளைகளே, மிஸ் சொன்னது பொய்தான். பொய் சொல்லப் பழகுங்கள் என்று நான் எழுதவில்லை. அந்தப் பொய்க்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் கேளுங்கள்.

நோய் உறுதியானது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் விடக்கூடாது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் மிஸ்தான் நோயாளி மாதிரி முன்னால் நடப்பார், அம்மா துணைக்கு வந்தவள் மாதிரி பின்னால் நடப்பாள். தெருவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, 'அங்க'தான் போகிறார்கள் என்று. பேரென்ன மிஸ்ஸுக்கு அந்தச் சீக்கு வந்துவிட்டதாம். அவர் கையைப் பிடித்துப் படிக்க வந்த பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி சில்லறையை அவர் கையில் வைக்காமல் பலகையில் வைத்துத் தள்ளினார். குழாயடியில் அவர் குடம் எப்போதும் கடைசி.

விஷயம் இல்லம் வரை போனது. சின்னக் குழந்தைகள் இருக்கும் இடம். பரிசோதனைச் சீட்டு கொண்டுவரும் வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கொடுத்த ஒரு வருஷக் கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நடத்தியவரிடம் மட்டும் தன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் காட்டி, தனக்கு ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டு மறுபடி வேலையில் சேர்ந்தார். தெருவில் யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால், அப்படியானால் போவது யாருக்காக என்ற கேள்வி வருமே.

அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "எனக்காக இந்தப் பொண்ணு பேச்சு வாங்குது. நானே தெருவுல நின்னு சொல்லிடறேன்" என்று ஒருநாள் கிளம்பிவிட்டாள். மிஸ் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நான் ஒரு நாள் ஊருக்குப் போயிடுவேன். உங்க பொண்ணு இங்கதானே வாழணும்" என்றார்.

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. அக்கா அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஆடி பாதியில், ஒரு மத்தியானம், அந்த அம்மா தனியாக வந்து நின்றார். கையில் துணி போட்டு மூடிய ஒரு கூடை. உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றார். மாடியிலிருந்து இறங்கி வந்த மிஸ் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"இதோ பாருங்க, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "ஆவணியில கல்யாணம் வெக்கிறது எங்களுக்கு..."

நிறுத்தினார். வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கினார். மிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றோம்.

"...தோதுப்படாது. தையில வெச்சுக்கலாம்."

அப்பா பெருமூச்சு விட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"தையா?" என்றாள் அம்மா.

"ஆமா. உங்க மாடி வூட்டு அம்மாவுக்கு உடம்பு சொகமில்லன்னு கேள்விப்பட்டேன். நீங்கதான தொணைக்குப் போறீங்க. கல்யாண வேலையில அது நின்னுடக் கூடாது பாருங்க. மொதல்ல அவங்க தேறட்டும். எங்க வூட்டுக்காரரு அதே மாத்திரைதான் துன்னாரு. இப்ப ஏர் ஓட்டறாரு." இதையெல்லாம் அவர் மிஸ்ஸின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்ப நிறுத்திடுவாங்க. நிறுத்தவே கூடாது. அவங்ககிட்ட கண்டிசனா சொல்லுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுவரோரத்திலிருந்து மிஸ்தான் பதில் சொன்னார், நல்ல பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு: "சரிம்மா. நிறுத்தமாட்டேன்."

கோவிலம்பாக்கத்து அம்மா அப்போதுதான் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பேசக் கத்துக்கினியே, கண்ணு" என்றார்.

பிறகு கூடையை எடுத்தார். நாட்டுக்கோழி முட்டைகள். "தினம் வேக வெச்சுக் குடுங்க அவங்களுக்கு" என்று சொல்லி, கூடையை என் அம்மாவின் மடியில் வைத்தார்.

மிஸ் முட்டை சாப்பிடமாட்டார். அது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தை மாதம் அக்காவின் கழுத்தில் தாலி ஏறும்வரை கோவிலம்பாக்கத்திலிருந்து முட்டை வந்துகொண்டே இருந்தது. கல்யாணத்தன்று அம்மா பந்தலில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டு ஓடியாடினாள். பேரென்ன மிஸ் தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்றார். அவர் இடது கையில் அன்று மருதாணி மட்டும்தான் இருந்தது.